கேசட் கடைசியில் பாடுகிறவள்

அவளப் பத்தித் தெரியணும்னா என்கிட்ட கேளுங்க தம்பி. எங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டீங்கன்னா கித்தார் எப்படி வாசிச்சாங்க, எந்த வருஷம் வந்த ரெக்கார்டு, அதைத்தான் சொல்லுவாரு. அவளோட முப்பத்தஞ்சு வருஷம் குடித்தனம் பண்ணினது நான். உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், அதுல உக்காந்தா அவ உங்க தலைக்கு மேல வந்துருவா. இப்படி வாங்க, இங்கேருந்து பாத்தா சுவத்துல அந்த ரெக்கார்டு அட்டை நல்லாத் தெரியும். நடுவுல நிக்கிற குட்டை முடிக்காரிதான். சுத்தி நாலு பையனுங்க நிக்கிறானுங்க, அவனுங்கள யாரு பாக்கப் போறா.

அவரு மார்க்கெட்டுக்குப் போயிருக்காரு. சென்னையிலேருந்து தம்பி வருது, நல்ல மீனா பாத்து வாங்கிட்டு வரேன்னு காந்தி மார்க்கெட்டுக்கே கிளம்பிட்டாரு. இங்க பொன்மலையில மீனு கிடைக்காதா? கிடைக்கும். என் பொறந்த நாளுக்குக் கூட தெருவுல வர்ற கூடைக்கார அம்மாகிட்ட வாங்குற மீனுதான். இன்னிக்கு அவ விஷயமா ஒருத்தர் வர்றாரு, அதனால காந்தி மார்க்கெட்டு. கவனிச்சுக்கங்க.

போறப்ப என்ன சொன்னாரு தெரியுமா? "அமலா, ரெக்கார்டு பீரோவுல இருக்கு, சாவி உன்கிட்ட இருக்கு. அந்தத் தம்பிக்குக் கொடுக்கிறதா இருந்தா கொடு, வேணாம்னா வேணாம்னு சொல்லிரு, உன் இஷ்டம்" அப்படின்னுட்டு ஸ்கூட்டர எடுத்துட்டாரு. அவ விஷயத்துல என் இஷ்டத்த அவரு கேக்கிறது இதுதான் முதல் தடவ. அதுதான் காலையிலேருந்து எனக்கு உறுத்திக்கிட்டே இருக்கு.

உங்க சங்கதி எனக்குத் தெரியும். லண்டன்ல ஒரு கம்பெனி இந்த ரெக்கார்டை மறுபடியும் போடப் போறாங்க. ஒரிஜினல் டேப்பு இருந்த இடத்துல தண்ணி புகுந்து எல்லாம் வீணாப் போச்சு. அந்தக் காலத்துல போட்டதே கொஞ்சம்தான், அதுல நல்ல நிலையில ஒண்ணும் தேறல. உங்க மாமா இங்க ரயில்வே ஒர்க்‌ஷாப்புல வேலை பாத்தப்ப பதிஞ்சு தேஞ்சுபோன கேசட்டுல நீங்க அவ பாட்டக் கேட்டிருக்கீங்க, அப்படியே தேடிக்கிட்டு இங்க வந்து சேந்துட்டீங்க. சரிதானே? கொடுத்துரலாம்னு நேத்தே முடிவு பண்ணிட்டேன். அவ இந்த வீட்ட விட்டுப் போனா எனக்கு நிம்மதி. ஆனா கொடுக்கிறதுக்கு முன்னாடி என் பக்கத்து நியாயத்தையும் ஒருத்தராவது கேக்கணும். இத்தனை வருஷத்துல யாரும் கேக்கல.

ஆர்மரி கேட் பக்கம் அவருக்குக் கடை. மெலடி ரெக்கார்டிங் சென்டர். நமக்குப் பிடிச்ச பாட்டா பாத்து எழுதிக் கொடுத்து, ஒரு காலி கேசட்டையும் கொடுத்தா, வரிசையா பதிஞ்சு தருவாரு. ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம். எந்தப் பாட்ட எப்படி அடுக்கினாலும் சரியா அரை மணிக்கு வராது இல்ல? கடைசியில ரெண்டு நிமிஷம், மூணு நிமிஷம் மிச்சம் நிக்கும். எல்லா கடையிலயும் அதைச் சும்மா விட்டுருவாங்க. உஸ்ஸுன்னு இரைச்சல் மட்டும் ஓடிக்கிட்டிருக்கும்.

எனக்கு அது ஆகாது. எங்க அம்மா தவறிப்போன வருஷம் அது. வீட்டுல நானும் அப்பாவும்தான், அவரும் காலையில சங்கு ஊதினா ஒர்க்‌ஷாப்புக்குப் போயிருவாரு. பாட்டு ஓடுற வரைக்கும் வீட்டுல யாரோ இருக்கிற மாதிரி இருக்கும். பாட்டு நின்னு அந்த உஸ்ஸு வந்துச்சுன்னா, வீடு காலியா இருக்கிறது அப்பத்தான் தெரியும். ஒருநாள் பொறுக்க முடியாம நேரா கடைக்குப் போயிட்டேன். "ஏங்க, நான் முழு கேசட்டுத்தானே கொடுத்தேன், கடைசியில எதுக்குக் காலியா விட்டிருக்கீங்க? காலியா விட்டா எனக்குப் பிடிக்காது" அப்படின்னு சத்தம் போட்டேன். அப்பல்லாம் எனக்கு மூக்கு மேல கோபம். கடையில நாலு பேரு நிக்கிறாங்க, அந்த மனுசன் அவங்களக் கவனிக்கணுமே? என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நிக்கிறாரு. அப்புறம் கேசட்ட வாங்கி வச்சுக்கிட்டு, நாளைக்கு வாங்கன்னாரு.

மறுநாள் வாங்கிட்டு வந்து போட்டுப் பாத்தா, கடைசிப் பாட்டு முடிஞ்சதும் ஜிங்கு ஜிங்குன்னு கித்தாரு, ஒரு பொண்ணு இங்கிலீஷ்ல பாடுறா. யாரையோ திட்டுற மாதிரியும் இருக்கு, சிரிக்கிற மாதிரியும் இருக்கு. அவ முடிக்கவும் டக்குன்னு கேசட்டு நிக்கவும் சரியா இருக்கு. பொய் சொல்லக் கூடாது, எனக்குப் பிடிச்சுத்தான் இருந்துச்சு. அடுத்த கேசட்டு கொடுக்கப் போனப்ப, "அந்தப் பாட்டு பரவால்லங்க, நல்லாருக்கு"ன்னு சொல்லி வச்சேன். அவ்வளவுதான் நான் சொன்னது. அன்னியிலேருந்து அந்தக் கடையில பதியிற ஒவ்வொரு கேசட்டுக்கும் கடைசியில அவதான். அதே பாட்டு.

இன்னொண்ணு சொல்றேன் கேளுங்க. நான் சண்டைக்குப் போன அன்னிக்கு, பாட்டு பதியிற மிஷினுக்கு மேல சுவத்துல ஒரு ஃபேன் கம்பெனி காலண்டர்தான் தொங்கிச்சு. மறுநாள் கேசட்ட வாங்கப் போறேன், காலண்டரக் காணோம். அந்த இடத்துல இவ அட்டை ஏறியிருக்கு. ஒரே நாள்ல. அதுக்கு முன்னாடி அந்த ரெக்கார்டு எங்க கிடந்துச்சு தெரியுமா? ரோசாரியோன்னு ஒரு இன்ஜின் டிரைவரு, சட்டக்காரரு, அதான் ஆங்கிலோ இந்தியரு, ஆஸ்திரேலியாவுக்குக் குடி போறப்ப வீட்டுல இருந்த ரெக்கார்டையெல்லாம் கடையில கொண்டாந்து கொட்டிட்டுப் போயிட்டாரு. இவ அதுல ஒருத்தி. டிரைவரோட தங்கச்சி மகன் லண்டன்லேருந்து அனுப்பினதாம், அவங்க வீட்டுல யாரும் சீந்தல. ரெண்டு வருஷம் பெஞ்சுக்கு அடியில தூசி தின்னுக்கிட்டு கிடந்தவ, ஒரே நாள்ல சுவத்துக்கு ஏறிட்டா. எனக்கு அப்பவே பிடிபட்டிருக்கணும்.

அந்த வருஷமே இவருக்காக எங்க வீட்டுக்குப் பொண்ணு கேட்டு வந்தாங்க. சவரிமுத்து நல்ல பையன், குடி கிடையாதுன்னு பங்குச் சாமியாரே சொன்னாரு. அப்பா சரின்னுட்டாரு. நானும் சரின்னேன். எனக்கு அவரப் பிடிச்சிருந்துச்சு தம்பி, இல்லேன்னா எதுக்கு வாரத்துக்கு ஒரு கேசட்டு பதியப் போறேன்?

கல்யாணத்தன்னிக்கு நடந்ததச் சொல்லணும். பூசை முடிஞ்சு பக்கத்து ஹால்ல சாப்பாடு. மைக் செட்டுல பாட்டு ஓடுது, எல்லாம் மாப்பிள்ளை தானே பதிஞ்ச கேசட்டு. நான் மேடையில முக்காடு போட்டு நிக்கிறேன், பரிசு கொடுக்க சனம் வரிசையில நிக்குது, அந்த நேரம் பாத்து ஜிங்கு ஜிங்குன்னு ஆரம்பிச்சுட்டா. என் கல்யாணத்துல அவ பாடுறா. நான் திரும்பி இவரப் பாக்கிறேன். இவரு என்னைப் பாத்து அப்படி ஒரு சிரிப்பு சிரிக்கிறாரு, வெக்கமே இல்லாம. எனக்கு வயிறு எரிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் ஊர்ல எந்தக் கல்யாணம்னாலும் இதே கதைதான். அவ பாட ஆரம்பிச்சா மைக் செட்டுக்காரன் கேசட்ட மாத்த ஓடுவான். பந்தியில உக்காந்திருக்கிறவங்க, இங்கிலீஷ்காரி வந்துட்டா, அடுத்த பந்தி விடப் போறாங்கன்னு மோரு கேப்பாங்க. பேரு தெரியாது, ஊரு தெரியாது, ஆனா பொன்மலையில அவளத் தெரியாத வீடு கிடையாது.

ஆடி மாசம் அம்மன் கோயில்ல மைக் செட்டு கட்டினாங்க. இவரு பதிஞ்ச கேசட்டு, அம்மன் பாட்டு முடிஞ்சதும் இவ. தர்மகர்த்தா தங்கவேலு கடைக்கே வந்துட்டாரு. "யோவ் சவரி, ஆத்தாவுக்கு முன்னாடி கவுனு போட்டவள ஆட விடுறியா?"ன்னு கத்துறாரு. இவரு நிதானமா, "ரெண்டு நிமிஷம்தானேண்ணே, காலியா விடக் கூடாதுண்ணே"ங்கிறாரு. நான் சாப்பாடு கொண்டு போயிருந்தேன். தர்மகர்த்தா கேக்கிறதுதான் நியாயம்னு சொன்னேன். அப்பவும் இவரு என்னைப் பாத்துச் சிரிக்கிறாரு. ஒரு பொண்டாட்டி கோபமா நிக்கிறப்ப சிரிக்கிற ஆம்பளைய என்ன பண்றது, சொல்லுங்க.

பல்லப் பாருங்க அவளுக்கு. கிட்டப் போய்ப் பாருங்க, பரவால்ல. முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல ஒரு சந்து. அதைக் காட்டிக்கிட்டு ஒரு இளிப்பு. என் நாத்தனாரு ஸ்டெல்லா, நான் கல்யாணமாகி வந்த புதுசுல, அட்டையையும் என்னையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு, "அண்ணி, கோவமாப் பேசுறப்ப நீங்க அச்சு அசல் இவதான்" அப்படின்னா. எனக்கும் அப்ப பல்லு அப்படித்தான் இருந்துச்சு. எப்படி இருக்கும் எனக்கு? எவளோ ஒருத்தி மாதிரி நான் இருக்கேனாம். இவரு அவளத் தினம் பாக்கிறதும் இல்லாம, என்னைப் பாக்கிறப்பவும் அவளத்தான் பாக்கிறாரோன்னு ஆயிப்போச்சு. ஸ்டெல்லாவையே கூட்டிக்கிட்டு தில்லைநகர்ல பல் டாக்டர்கிட்ட போய் அடைச்சுட்டு வந்தேன். இப்ப பாருங்க, ஒரு ஊசி நுழையாது.

சாயங்காலம் அவரு வந்தாரு. நான் நல்லா சிரிச்சுக் காட்டினேன். பாத்துக்கிட்டே இருந்தாரு. "ஏன் அமலா?"ன்னாரு. அழகா இல்லையான்னேன். "இருக்கு, இருக்கு"ன்னுட்டு கொல்லைப் பக்கம் போயி ரொம்ப நேரம் கை கழுவிக்கிட்டு நின்னாரு. சாப்பாடும் சரியா இறங்கல. சொல்லாமக் கொள்ளாம போயிட்டேன்னு கோபம் போல. கோபம்னா வாய விட்டுச் சொல்லணும். சொன்னா என்ன குறைஞ்சிருவாரு?

பொண்ணு பொறந்தப்ப நான் முந்திக்கிட்டேன். ஆஸ்பத்திரியில கண்ண முழிச்சதும் முதல் வார்த்தையா, பிலோமினான்னு வைக்கணும், எங்க அம்மா பேருன்னு சொல்லிட்டேன். இவரு பாட்டுக்கு அவ பேர வச்சுத் தொலைச்சுட்டா? ஹேசலோ கேசலோ. சரின்னாரு. அவருக்கும் அந்தப் பேருதான் மனசுல இருந்துச்சாம். அப்படித்தான் சொன்னாரு, நான் நம்பல.

கேசட்டுக் காலம் முடிஞ்சு கடையக் காலி பண்ணினோம். மிஷின் ஒண்ணை மட்டும் வச்சுக்கிட்டு மத்ததையெல்லாம் தள்ளி விட்டாரு. அந்த அட்டைய மட்டும் ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு வர்றாரு, மாதா சுரூபம் தூக்கிட்டு வர்ற மாதிரி. வந்து இந்தச் சுவத்துல மாட்டிட்டாரு. கண்ணாடி போட்டு ஃப்ரேம் பண்றேன்னாரு, அதுக்கு நான் விடல. என் உசுரு இருக்கிற வரைக்கும் இந்த வீட்டுல கண்ணாடிக்குள்ள இருக்கப் போறது மாதா படமும் எங்க கல்யாணப் படமும்தான்னு சொல்லிட்டேன்.

இப்ப நீங்க வேற, லண்டன் ரெக்கார்டு அட்டையில அவரு பேரப் போட்டு நன்றி சொல்லப் போறீங்களாமே. அவ பேரும் இவரு பேரும் ஒரே அட்டையில. எப்படி இருக்கு பாருங்க கதை.

இருங்க, பீரோவத் திறக்கிறேன். இந்தாங்க. வெறும் காகித உறையிலதான் வச்சிருக்கு. நல்லாப் பாத்துக்கங்க, நான் இதுல ஒரு கீறல் போட்டது கிடையாது. போடணும்னு பல நாளு நினைச்சிருக்கேன், அது வேற. வெளிச்சத்துல பாக்கணுமா? சன்னல் கிட்டப் போங்க.

என்ன தம்பி, மூஞ்சி மாறுது?

எங்க காட்டுங்க. ஆமா, இந்த ஒரு இடம் மட்டும் வெளுத்துப் போயிருக்கு. மூணாவது பாட்டா? அதுதானா அது? ஊசி தின்னுருச்சா. போட்டா உஸ்ஸுன்னுதான் வருமா. பின்ன, ஊரு பூராவுக்கும் அதைப் பதிஞ்சா தேயாம என்ன பண்ணும். மத்ததெல்லாம்? புதுசு மாதிரி இருக்குன்னா என்ன அர்த்தம், ஊசியே படலையா? திருப்பிப் பாருங்க, அந்தப் பக்கம்? அதுவும் அப்படியேவா?

அப்ப இவரு மத்த பாட்டெல்லாம் கேக்கவே இல்லையா?

என்ன மனுசன் இவரு. ஒருத்தி மேல அவ்வளவு ஆசை வச்சிருக்கிறவரு, அவ வேற என்ன பாடியிருக்கான்னு ஒரு தடவ போட்டுக் கேக்க மாட்டாரா? நானா இருந்தா கேட்டிருப்பேன். எல்லாத்தையும் கேட்டிருப்பேன். எனக்கு இது புரியல தம்பி.

சரி, அந்த ஒரு பாட்டு போனாப் போகுது, மத்தத எடுத்துட்டுப் போங்களேன். அதுதான் முக்கியமா? அந்தப் பாட்டு வேணும்னு அவளே கேட்டாளா? உயிரோட இருக்காளா அவ? நான் என்னமோ அந்த அட்டையோட முடிஞ்சு போச்சுன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். என்ன பண்றா இப்ப? கடலோரத்துல ஒரு சின்ன ஊர்ல பிள்ளைங்களுக்கு நீச்சல் சொல்லித் தர்றாளா. அப்புறம் பாடவே இல்லையா? ஒரே ஒரு ரெக்கார்டு, அதையும் யாரும் வாங்கல, அடுத்த வருஷமே ஆளுக்கொரு பக்கம் பிரிஞ்சுட்டாங்க. பாவம்தான். இங்க இத்தனை கல்யாணத்துல பாடினது அவளுக்குத் தெரியுமா? நீங்க எழுதினப்பத்தான் தெரியுமா. அழுதாளாக்கும்.

ஃபோன்ல போட்டோ இருக்கா? கொடுங்க, கண்ணாடியப் போட்டுக்கிறேன்.

அடி ஆத்தி. தலை பூரா வெள்ளை. கழுத்தெல்லாம் என்னை மாதிரியே சுருங்கிப் போச்சு. நாந்தான் கிழவியாயிட்டேன், அவ அந்தச் சுவத்துல அப்படியே இருக்கான்னு எத்தனை நாள் பொருமியிருக்கேன். இதைக் கொஞ்சம் பெருசு பண்ணுங்க. வாய்ப் பக்கம்.

அவ அடைக்கல.

பாருங்களேன், சந்து அப்படியே இருக்கு. அறுபது வயசுல அதைக் காட்டிக்கிட்டு சிரிச்சுக்கிட்டு நிக்கிறா. அடைச்சுக்கச் சொல்லி யாரும் அவகிட்ட சொல்லல போல. என்கிட்ட மட்டும் யாரு சொன்னா? அவரு சொல்லலையே. எனக்கு இப்ப பொறாமையா இருக்கு தம்பி, உண்மையச் சொல்றேன். இத்தனை வருஷம் இருந்ததை விட இப்ப ஜாஸ்தியா இருக்கு.

அது என்ன பாட்டு, என்னதான் சொல்றா அதுல? நான் யாரையும் கேட்டதில்ல. பஸ்ஸு லேட்டுன்னு கண்டக்டர்கிட்ட சண்டை போடுறாளா? மழையில நின்னுக்கிட்டு? அவ்வளவுதானா? இதுக்கா நான் வயிறெரிஞ்சேன்.

நிமிந்து உக்காருங்க. அழுகிற மாதிரி மூஞ்சிய வச்சுக்காதீங்க. அந்தப் பாட்டு என்கிட்ட இருக்கு.

நான் சண்டை போட்டு வாங்கினேனே, அந்த முதல் கேசட்டு. ரெக்கார்டு புதுசா இருந்தப்ப பதிஞ்சது, அதுக்கு முன்னாடி அந்தப் பாட்டுல ஊசியே பட்டிருக்காது. அதுவும் இந்த பீரோவுலதான் இருக்கு, பட்டுச் சேலைக்கு நடுவுல. கல்யாணத்துக்கு முன்னாடி கொஞ்ச நாள் கேட்டேன். அட்டைக்காரியோட சங்கதி புரிஞ்சதும், கடைசிப் பாட்டு முடியப் போறப்பவே ஓடிப்போய் நிறுத்திருவேன். கையில மாவு இருந்தாலும் முழங்கையால பட்டன அமுக்குவேன். முப்பத்தஞ்சு வருஷமா அவள ஒரு வார்த்தை பாட விட்டதில்ல. மத்த பாட்டெல்லாம் தேஞ்சு போச்சு, அவ மட்டும் அதுல புதுசா இருப்பா. ஊர்ல எல்லாரும் ஆசையாக் கேட்டுத் தேச்சுட்டாங்க, நான் ஒருத்திதான் வெறுத்து வச்சிருக்கேன்.

கேசட்ட வெளிய கொடுக்க மாட்டேன். அவரு வந்ததும் அந்த மிஷின்ல போட்டு, நீங்க கொண்டாந்த சாமான்ல பதிஞ்சுக்கங்க. பேரு போடுறதா இருந்தா, அவரு பேரோட சேத்து என் பேரும் வரணும். அமலோற்பவம், பொன்மலைன்னு முழுசாப் போடுங்க, சுருக்காதீங்க. பதியிறப்ப நானும் உக்காந்து கேப்பேன். இந்தத் தடவ நிறுத்த மாட்டேன்.

ஸ்கூட்டர் சத்தம் கேக்குது பாருங்க, வந்துட்டாரு. ரெக்கார்ட எடுத்துப் பைக்குள்ள வைங்க. எடுத்துட்டுப் போங்க, நான் சொன்னா சொன்னதுதான். ஏய், ஏய், அட்டைய எதுக்கு இறக்குறீங்க? அதுல கை வைக்காதீங்க. வேணும்னா உங்க ஃபோன்ல படம் பிடிச்சுக்கங்க, பல்லு தெரியிற மாதிரி. அவ இங்கயே இருக்கட்டும். அவள எடுத்துட்டா அந்த இடத்துல சுவரு வெள்ளையாத் தெரியும். காலியா விட்டா எனக்குப் பிடிக்காது. வேணும்னா இந்தா, உள்ள வர்றாரே, அவரையே கேளுங்க, அவருக்குத் தெரியும்.